நம் நல்லதுக்குத்தான் என்றால், அரசாங்கம் நம்மைத் தடுக்கலாமா?

முதல் வேலை. முதல் சம்பளம். வேலை ஒப்பந்தத்தில் 3,000 வெள்ளி என்று போட்டிருந்தது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தால் 2,400 வெள்ளிக்கும் கொஞ்சம் குறைவாகவே வந்திருக்கிறது.

"மீதி எங்கே போச்சு?"

சம்பளச் சீட்டைப் பாருங்கள். 600 வெள்ளி மத்திய சேமநிதிக்குப் போயிருக்கும். நீங்கள் இந்திய சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால், சில வெள்ளி சிண்டா நிதிக்கும் போயிருக்கும்.

இரண்டுமே உங்களைக் கேட்காமல் பிடிக்கப்பட்ட தொகைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிண்டா வேண்டாம் என்றால் ஒரு படிவத்தை நிரப்பி விலகிக்கொள்ளலாம். மத்திய சேமநிதி வேண்டாம் என்று சொல்ல முடியாது. எவ்வளவு கெஞ்சினாலும் முடியாது.

இந்த ஒரே சீட்டுக்குள் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது. என் பணம், என் உடம்பு, என் வாழ்க்கை. அதில் எனக்கு எது நல்லது என்று அரசாங்கம் முடிவு செய்யலாமா? அப்படிச் செய்தால் நான் சுதந்திரமானவன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு இது புத்தகக் கேள்வி இல்லை. தினமும் சந்திக்கும் கேள்வி.

‘தந்தைமைப் போக்கு’ என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இதற்குப் ‘பெட்டர்னலிசம்’ என்று பெயர். ‘தந்தை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் தந்தைமைப் போக்கு எனலாம். அப்பா பிள்ளையிடம் "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், போகாதே" என்று தடுப்பது போல, அரசாங்கம் வளர்ந்த குடிமக்களைத் தடுப்பது.

இதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்:

• உங்கள் தெரிவில் யாரோ தலையிடுகிறார்கள்.
• உங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை.
• தலையிடுவதற்கான காரணம், உங்கள் சொந்த நன்மை.

மூன்றாவது அம்சம் முக்கியம். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டக்கூடாது என்ற சட்டம் தந்தைமைப் போக்கு இல்லை. அது சாலையில் போகும் மற்றவர்களைப் பாதுகாக்கிறது. லிட்டில் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரில் அங்கு நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொது இடங்களில் இரவு 10.30 மணிக்குமேல் மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் விதிகள் இன்னும் கடுமை. அந்தச் சட்டம் சரியா, அளவுக்கு மீறியதா என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொது ஒழுங்கு. குடிப்பவரின் கல்லீரல் அல்ல.

ஆகவே எந்த விதியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது யாருக்காக?

மில் போட்ட கோடு

1859இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் ‘ஆன் லிபர்ட்டி’ என்ற நூலை வெளியிட்டார். அவருடைய வாதம் எளிமையானது. ஒருவர் மற்றவர்களுக்குத் தீங்கு செய்தால் சமூகம் தலையிடலாம். தனக்கே தீங்கு செய்துகொள்கிறார் என்பது மட்டுமே போதுமான காரணம் ஆகாது. அறிவுரை சொல்லுங்கள், கெஞ்சுங்கள், வாதாடுங்கள். ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஏன்? உங்கள் வாழ்க்கையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஓர் அதிகாரிக்குத் தெரியாது. அதோடு, தெரிவு செய்து பழகாத மனிதனுக்குத் தெரிவு செய்யும் திறனே வளராது என்றும் மில் நம்பினார்.

ஆனால் அவரே சில விதிவிலக்குகள் வைத்தார். பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. இன்னொன்று அவர் சொன்ன பாலத்தின் உதாரணம். உடையப்போகும் பாலத்தில் ஒருவர் ஏறப் போகிறார், அது ஆபத்து என்று அவருக்குத் தெரியாது, எச்சரிக்கவும் நேரமில்லை. அவரைப் பிடித்து இழுக்கலாம். அது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது ஆகாது. ஏனென்றால் ஆற்றில் விழ வேண்டும் என்பது அவருடைய விருப்பமே இல்லை.

இந்தப் பாலம்தான் இன்றைய விவாதத்தின் மையம். ஒருவர் தெரிந்து, யோசித்து முடிவு செய்கிறாரா? அல்லது தெரியாமலோ, பழக்கத்தாலோ, அந்த நேரத்து ஆசையாலோ விழப்போகிறாரா?

தலையீட்டில் நான்கு படிகள்

எல்லாத் தலையீடும் ஒன்றல்ல. இலேசானதிலிருந்து கடுமையானது வரை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

*1. தகவல் சொல்வது.* பபுள் டீ கடையில் ஏ, பி, சி, டி என்று பார்த்திருப்பீர்கள். நியூட்ரி-கிரேட் முறை. பொட்டலமிட்ட பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலும், கடையில் தயாரித்துக் கொடுக்கும் பானங்களுக்கு 2023 டிசம்பர் இறுதியிலும் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சர்க்கரை இருந்தால் ‘டி’. ‘டி’ பானத்தை விளம்பரம் செய்ய முடியாது. ஆனால் வாங்கிக் குடிக்க உங்களுக்குத் தடை இல்லை.

சுதந்திரத்துக்கு எந்தக் கீறலும் இல்லை என்று தோன்றும். இருந்தாலும் கவனியுங்கள். பொட்டலமிட்ட பானங்களின் சராசரிச் சர்க்கரை அளவு, நடுமதிப்பின்படி, 2017இல் 7.1 விழுக்காடாக இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடாகக் குறைந்தது. நிறுவனங்கள் நல்ல எழுத்து வாங்குவதற்காகச் செய்முறையையே மாற்றிக்கொண்டன. நீங்கள் தெரிவை மாற்றவில்லை. அலமாரியில் இருந்த தெரிவுகள் மாறிவிட்டன. பெரும்பாலானவர்கள் அதற்கு நன்றி சொல்வார்கள். "பழைய ருசிதான் வேணும்" என்பவர் வீட்டில் சர்க்கரை போட்டுக்கொள்ளலாம். இழப்பு சின்னது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

*2. இயல்பாகவே சேர்த்துவிடுவது.* நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் உள்ளே, விருப்பமில்லையென்றால் வெளியே. சிண்டா பங்களிப்பு இந்த வகை. மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் இந்த வகைதான். 1987இல் வந்த அந்தச் சட்டத்தின்கீழ், 21 வயதை எட்டிய சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும், வேண்டாம் என்று பதிவு செய்யாதவரை, இறந்தபின் சிறுநீரகம், இதயம், கல்லீரல், விழிவெண்படலம் ஆகியவற்றைத் தானம் செய்யச் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவர். விலகுபவர்களுக்கு ஒரு விளைவு உண்டு. பின்னொரு நாள் அவர்களுக்கே உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை குறையும்.

இவை இரண்டும் பிறர் நன்மைக்கானவை. ஆகவே கண்டிப்பான பொருளில் தந்தைமைப் போக்கு இல்லை. ஆனால் உத்தி ஒன்றுதான். மனிதர்கள் படிவம் நிரப்பச் சோம்பல்படுவார்கள். எது இயல்பாக இருக்கிறதோ அதிலேயே இருந்துவிடுவார்கள்.

அமெரிக்கப் பேராசிரியர்கள் ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் இந்த உத்தியை 2008இல் ‘நட்ஜ்’ என்ற நூலில் பிரபலமாக்கினார்கள். முழங்கையால் இலேசாக இடித்துக் காட்டுவது போல, தெரிவைப் பறிக்காமல் நல்ல பக்கம் தள்ளிவிடுவது. சுதந்திரமும் தந்தைமையும் கைகோக்க முடியும் என்பது அவர்கள் வாதம். தேலருக்கு 2017இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது.

*3. விலையை ஏற்றுவது.* சூதாட்டக்கூடங்கள் 2010இல் திறக்கப்பட்டன. வெளிநாட்டவர் இலவசமாக உள்ளே போகலாம். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். முதலில் ஒரு நாளுக்கு 100 வெள்ளி; 2019 ஏப்ரலிலிருந்து 150 வெள்ளி.

தடை இல்லை. ஆனால் இங்கே மில்லின் ஓர் எச்சரிக்கை பொருந்தும். விலையை ஏற்றுவது, அந்த விலையைக் கொடுக்க முடியாதவருக்குத் தடைதான் என்றார் அவர். 150 வெள்ளி ஒரு துப்புரவு ஊழியருக்குப் பெரிய சுவர். பணக்காரருக்கு அது சுவரே அல்ல. "பாதிப்பும் ஏழைக்குத்தானே அதிகம்?" என்று அரசாங்கத்தின் தரப்பில் பதில் சொல்லலாம். நியாயமான பதில்தான். ஆனாலும் ஒரே விதி ஒருவரைப் பெரியவராகவும் இன்னொருவரைச் சின்னப் பிள்ளையாகவும் நடத்துகிறது என்பது உண்மை.

*4. தடை அல்லது கட்டாயம்.* மின்சிகரெட் இதற்கு உதாரணம். 2018 பிப்ரவரியிலிருந்து அதை வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். சாதாரண சிகரெட்டோ, 21 வயதானவருக்குச் சட்டப்படி கிடைக்கிறது. "ரெண்டும் கெடுதல்தானே, ஏன் ஒண்ணுக்கு மட்டும் தடை?" என்று கேட்கத் தோன்றும். பல தலைமுறையாக வேரூன்றிய பழக்கத்தை ஒரே நாளில் தடை செய்வது கடினம். புதிதாக வரும் பழக்கத்தை வேர்விடும் முன்பே நிறுத்துவது எளிது. நடைமுறைக்கு ஒத்த காரணம். ஆனால் ‘உனக்கு எது நல்லது’ என்ற கொள்கையைவிட ‘எதைத் தடுக்க முடியும்’ என்ற கணக்கே இங்கே பேசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகக் கடினமான உதாரணம்: உங்கள் 600 வெள்ளி

இப்போது சம்பளச் சீட்டுக்குத் திரும்புவோம்.

மத்திய சேமநிதி 1955இல், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் தொடங்கியது. அப்போது ஊழியர் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. இன்று 55 வயது வரை உள்ள ஊழியர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு. பணம் உங்கள் பெயரில் இருக்கிறது, வட்டி சேர்கிறது. வீடு வாங்கவும் மருத்துவச் செலவுக்கும் விதிகளின்படி பயன்படுத்தலாம். ஆனால் விரும்பியபடி எடுத்துச் செலவழிக்க முடியாது.

ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. 25 வயதில் யாருக்கும் 70 வயதுக் கவலை இல்லை. இளமையில் செலவழித்துவிட்டு முதுமையில் வருந்துவது மனித இயல்பு. இன்றைய நீங்கள் நாளைய உங்கள் பணத்தைத் தின்றுவிடாமல் தடுக்க, நடுவில் ஒருவர் நிற்கிறார்.

எதிர்வாதமும் வலுவானது. 55 வயதில் ஒருவருக்கு நோய் முற்றியிருக்கலாம். சிறு தொழில் தொடங்கும் கனவு இருக்கலாம். பிள்ளையின் படிப்புக் கடன் இருக்கலாம். "முப்பது வருஷம் உழைச்சு சேர்த்த என் காசு. எனக்குத் தெரியாதா என்ன செய்யணும்னு?" இந்தக் கேள்வியில் கோபம் மட்டும் இல்லை, மரியாதை பற்றிய வலியும் இருக்கிறது.

வரலாறு இதைக் காட்டுகிறது. 1984இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, பணத்தை எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கு உயர்த்தப் பரிந்துரைத்தது. மக்களிடையே கடும் எதிர்ப்பு. அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8 விழுக்காட்டுக்கு இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பரிந்துரை கைவிடப்பட்டது. ஆனால் 1987இல் வேறு வழி வந்தது. 55 வயதில் பணத்தை எடுக்கலாம். ஒரு குறைந்தபட்சத் தொகையை மட்டும் உள்ளே விட்டுவைக்க வேண்டும்.

அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 2014இல் ஹோங் லிம் பூங்காவில் ‘எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று கூட்டங்கள் நடந்தன. அதே ஆண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளுக்குப் பிறகு, அடிப்படை, முழு, மேம்பட்ட என மூன்று ஓய்வுக்காலத் தொகைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் முறை வந்தது. 65 வயதில் சேமிப்பில் 20 விழுக்காடு வரை மொத்தமாக எடுக்கவும் வழி பிறந்தது. 55 வயதில் எடுக்கக்கூடிய 5,000 வெள்ளியும் அதில் அடங்கும்.

கட்டாயம் போகவில்லை. ஆனால் கட்டாயத்துக்குள் தெரிவு நுழைந்தது. அது தானாக நுழையவில்லை. கேள்வி கேட்டதால் நுழைந்தது.

"என் செலவு உங்க செலவும்தானே?"

இங்கே ஒரு வாதம் அடிக்கடி வரும். நீங்கள் சேமிக்காவிட்டால் முதுமையில் உங்களைப் பார்த்துக்கொள்ளப்போவது உங்கள் பிள்ளைகள், அல்லது வரி செலுத்துவோர். நீங்கள் புகைத்தால் மருத்துவமனைக் கட்டில் நிரம்பும். ஆகவே இது உங்கள் சொந்த விஷயமே இல்லை, பிறருக்குத் தீங்கு.

இதில் உண்மை உண்டு. ஆனால் எச்சரிக்கையும் தேவை. இந்தத் தர்க்கத்தை முழுதாக ஏற்றுக்கொண்டால் எதுவுமே சொந்த விஷயமாக மிஞ்சாது. நீங்கள் தூங்கும் நேரம், சாப்பிடும் புரோட்டா, மலையேறும் ஆசை எல்லாமே யாருக்கோ எப்போதோ செலவு வைக்கும். அதனால் ‘பிறருக்குச் செலவு’ என்று சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு செலவு, எவ்வளவு நிச்சயம் என்பதையும் காட்ட வேண்டும்.

அப்பாவும் தப்பு செய்வார்

தந்தைமைப் போக்குக்கு எதிரான ஆக வலுவான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

1972இல் அரசாங்கம் ‘இரண்டு போதும்’ என்று குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் நடத்தியது. அதிகப் பிள்ளைகள் பெற்றால் பிரசவக் கட்டணம் உயர்ந்தது. தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. அன்றைய நிலையில் அதற்குக் காரணம் இருந்தது. சின்னத் தீவு, வேகமாக வளர்ந்த மக்கள்தொகை.

1987இல் அதே அரசாங்கம், வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கும் மேல் பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. 2023இல் நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 0.97. கொள்கை மட்டுமே இதற்குக் காரணம் இல்லை; கல்வி, வேலை, வாழ்க்கைச் செலவு எல்லாம் சேர்ந்தவை. ஆனால் நடுவில் எத்தனையோ தம்பதியர், வேண்டும் என்று நினைத்த மூன்றாவது பிள்ளையைப் பெறாமல் விட்டிருக்கலாம். கொள்கையைத் திருப்பிக்கொள்ளலாம். அந்த வயதைத் திருப்ப முடியாது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். நிபுணர்களும் அவர்கள் காலத்துக்குள் நின்றுதான் பார்க்கிறார்கள்.

தன்னைத் தானே கட்டிப்போடும் சுதந்திரம்

சரி, எதிர்ப்பக்கமும் பார்ப்போம். சுதந்திரம் என்றால் தடை இல்லாமல் இருப்பது மட்டும்தானா?

சூதாட்டப் பழக்கத்தில் சிக்கிய ஒருவர், ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று தாமே விண்ணப்பம் செய்து சூதாட்டக்கூடங்களிலிருந்து தம்மைத் தடை செய்துகொள்ளலாம். காலையில் தெளிவாக இருப்பவர், இரவில் தடுமாறப்போகும் தம்மைக் கட்டிப்போடுகிறார். மறுநாளே மனம் மாறிப் போய்க் கேட்டாலும் தடை நீங்காது. இங்கே பூட்டு அரசாங்கத்துடையது. சாவியைக் கொடுத்தவர் அவரே. இதைச் சுதந்திரத்தின் எதிரி என்று சொல்வது கஷ்டம். அடிமைத்தனத்திலிருந்து வெளியே வர அவர் கேட்ட உதவி இது.

அதையும் தாண்டி, நெருங்கிய குடும்பத்தினர் விண்ணப்பித்தும் ஒருவரைத் தடை செய்ய முடியும். அவர் விரும்பாவிட்டாலும்கூட. இது இன்னும் சிக்கல். ஆனால் வாடகைப் பணம் போய், பிள்ளையின் டியூஷன் பணம் போய், மனைவி கடன்காரர்களுக்குப் பயந்து கதவைத் திறக்காமல் இருக்கும் வீட்டில், "என் வாழ்க்கை, என் இஷ்டம்" என்று ஒருவர் மட்டும் சொல்ல முடியுமா? அந்த வீட்டில் மற்றவர்களின் சுதந்திரம் ஏற்கெனவே போய்விட்டது. அதனால்தான் இதில் விசாரணை உண்டு. ஒரு குழு ஆராய்ந்த பிறகே முடிவு.

அப்படியென்றால், சமரசம் சாத்தியமா?

சாத்தியம். ஆனால் எப்போதும் இல்லை. நிபந்தனை இல்லாமலும் இல்லை. அடுத்த முறை ‘உங்கள் நன்மைக்காக’ ஒரு விதி வரும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. யாருடைய நன்மை? என்னுடையதா, பிறருடையதா, அல்லது நிர்வாக வசதியா? காரணத்தை நேராகச் சொல்கிறார்களா?
2. நானே நிதானமாக யோசித்தால் இதைத்தான் விரும்புவேனா? உடையும் பாலத்திலிருந்து இழுப்பதும், நான் போக நினைத்த ஊருக்கே போகவிடாமல் இழுப்பதும் ஒன்றல்ல.
3. இதைவிட இலேசான வழி இல்லையா? தகவல் போதுமென்றால் விலை எதற்கு? விலை போதுமென்றால் தடை எதற்கு?
4. வெளியே வர வழி இருக்கிறதா? படிவம், மேல்முறையீடு, விதிவிலக்கு ஏதாவது?
5. தவறு என்று தெரிந்தால் மாற்ற முடியுமா? யார் சொன்னால் மாறும்? என் குரலுக்கு இடமுண்டா?

இந்தக் கேள்விகளுக்கு முன்னால் நிறுத்தினால், ஒவ்வொரு விதியும் வேறு வேறு மதிப்பெண் வாங்கும். பானத்தின் மேலுள்ள எழுத்து எளிதாகத் தேறும். சுயவிருப்பத் தடை நன்றாகவே தேறும். ‘இரண்டு போதும்’ இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறும். மத்திய சேமநிதி? நோக்கத்தில் தேறும், நான்காவது கேள்வியில் திணறும், ஐந்தாவதில், மக்கள் பேசியதால் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பெண் ஏறியிருக்கிறது.

நல்ல அப்பாவுக்கு அடையாளம் ஒன்று உண்டு. பிள்ளை வளர வளர அவர் பிடியைத் தளர்த்துவார். "ஏன்பா?" என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்வார். ஒரு நாள், "நான் அன்னிக்கு சொன்னது தப்பு" என்று ஒப்புக்கொள்ளவும் செய்வார்.

ஆனால் அரசாங்கம் உங்கள் அப்பா இல்லை. அதை நடத்துபவர்களை வாக்களித்து அனுப்புவது நீங்கள். அதனால் "ஏன்?" என்று கேட்பது அடங்காத்தனம் இல்லை, உங்கள் வேலை.

அடுத்த மாதச் சம்பளச் சீட்டு வரும்போது அந்த 600 வெள்ளியை இன்னொரு தடவை பாருங்கள். முணுமுணுத்துவிட்டு மூடிவிடாதீர்கள். அது உங்கள் கணக்கில் எங்கே, எந்த விதியின்கீழ் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். தெரிந்துகொண்ட பிறகு, அது சரி என்று ஏற்பதும் உங்கள் சுதந்திரம்தான். மாற வேண்டும் என்று சொல்வதும் உங்கள் சுதந்திரம்தான்.